வலது இறக்கையும் வாசல் கல்லும்

பதினொரு மாதக் குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் எட்டு நாள் வெளிநாடு போகலாமா என்ற கேள்விக்குக் காரைக்குடி செக்காலையில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பதில் இருந்தது. என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. காலையில் போகலாம் என்று தோன்றும். பெட்டியைத் திறந்து துணி அடுக்குவேன். சாயங்காலம் வேண்டாம் என்று தோன்றும். எடுத்து பீரோவில் வைத்துவிடுவேன்.

நான் பந்தயப் பாய்மரப் படகுகளுக்கு வரைபடம் போடுகிறவள். சென்னையில் உள்ள ஒரு சிறு நிறுவனத்துக்காக, காரைக்குடி வீட்டு மாடியறையில் உட்கார்ந்து போடுகிறேன். பிரான்சின் மேற்குக் கரையில் லோரியான் என்ற துறைமுக ஊரில் ஒரு படகு தயாராகிக்கொண்டிருந்தது. அதன் வலது இறக்கைக்கு வரைபடம் போட்டது நான். இறக்கையைப் பட்டறை அடுப்பில் ஏற்றி வேக வைப்பதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள்.

கணவர் சேவியர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மே மாத விடுமுறை என்பதால் குழந்தை அமலியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். துணைக்கு அவருடைய அக்கா ரீட்டா அண்ணி கண்டனூரிலிருந்து வந்தார். வந்ததும் முதல் கேள்வி:

"ஏத்தா ஜெனி, காரைக்குடியில எங்குட்டு கடல் இருக்கு, நீ கப்பல் வரையுறேங்கிற?"

"கப்பல் இல்ல அண்ணி, படகு."

"அந்தப் படகுலயாச்சும் ஒரு நாள் ஏறியிருக்கியா?"

ஏறியதில்லை. தொண்டியில் ஒருமுறை, கரையில் இழுத்துப் போட்டிருந்த படகில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

நான் கிளம்பியபோது வாசலில் அமலி கையசைக்கவில்லை. சேவியரின் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ திரும்பும்வரை பார்த்தேன். பொத்தான் பிய்ந்து தொண்டைக்குள் போய்விடுமோ என்று திருச்சி விமான நிலையம்வரை கவலைப்பட்டேன்.

பாரிஸில் ரயில் ஏறியபோது அது வியாழக்கிழமை. கண்ணில் பட்ட முதல் கதவில் ஏறிக்கொண்டேன். உள்ளே நடந்து என் பெட்டிக்குப் போய்விடலாம் என்று கணக்கு. முடியவில்லை, வழி அடைத்திருந்தது. சரி, காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி இருந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, எதிரே ஒரு பெண் தன் மகனிடம் பேசுவதைக் கேட்கவிட்டேன். திரையில் தமிழ் எழுத்து வந்தது: "தொந்தரவு செய்யாதே. அந்த அம்மாவும் நம்மைப்போல பிரெஸ்ட்டுக்குத்தான் போகிறார்."

என் டிக்கெட் லோரியானுக்கு. டிக்கெட்டைக் காட்டினேன். அவள் சைகையில் விளக்கினாள். இது ஒரு ரயில் இல்லை, மூக்கோடு மூக்கு ஒட்டிய இரண்டு ரயில்கள். ரென் என்ற ஊரில் பிரிந்து ஒன்று பிரெஸ்ட்டுக்கும் மற்றது லோரியானுக்கும் போகும். ஒரே நிறம், ஒரே நீளம். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ரென் நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் ஓடினேன். அந்தப் பையன் சன்னலில் மூக்கை அழுத்தி, "ஓடு, ஓடு" என்று கத்தியதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் மழை. பட்டறைத் தலைவர் யான், ஐம்பது வயதுக்காரர், சைக்கிளில் வந்தார். மழையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் இந்த மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருப்பார்கள். நான் கொண்டுபோன சீப்புச் சீடையை ஒன்று எடுத்துக் கடிக்காமல் வெளிச்சத்தில் பிடித்து, அதன் வரிகளைத் தடவிப் பார்த்தார். "இதற்கு எந்த அச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். பிறகுதான் தின்றார். டப்பாவைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

பட்டறைக்குள் ஆஸ்பத்திரிபோல் சுத்தம். காலுக்கு உறை, கைக்கு உறை. நடுவில் கருப்பாக, இருபது மீட்டர் நீளத்தில், படகு. பாய்மரம் இன்னும் ஏற்றவில்லை. அதன் இரண்டு பக்கமும் வரப்போகிறவைதான் இறக்கைகள். வேகம் எடுத்ததும் அவை தண்ணீருக்குள் இருந்துகொண்டு படகை மேலே தூக்கிவிடும். படகு மிதக்காது, பறக்கும்.

இறக்கையைக் கார்பன் துணியால் செய்கிறார்கள். கருப்புத் துணி, நூல் எல்லாம் ஒரே திசையில், பசை ஏற்கெனவே ஊறியது. குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்தால் அரைத்து வைத்த மாவுபோல, கெட்டுப்போவதற்குள் வேக வைத்தாக வேண்டும். ஓர் அச்சுக்குள் தொண்ணூறு அடுக்கு போட்டு, பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சி, அழுத்தம் கொடுக்கும் அடுப்பில் ஏற்றுகிறார்கள். வெந்தபின் எதையும் பிரிக்க முடியாது.

தொண்ணூறில் முப்பத்திரண்டு அடுக்குகளின் நூல் கொஞ்சம் சாய்வாக ஓட வேண்டும். காரணம் இருக்கிறது. பலத்த காற்றில் வாழையிலை சாய்ந்து காற்றுக்கு வழிவிடுகிறதல்லவா, அதுபோல அலை மோதி இறக்கை வளையும்போது அதன் முன்விளிம்பு தானாகக் கீழே திரும்பி வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சாய்வு எதிர்ப்பக்கமாக இருந்தால் விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு அலைக்கும் இன்னும் இறுகக் கடிக்கும். ஒருநாள் முறியும். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் சாய்வு எதிரெதிர். ரவிக்கைக்கு இரண்டு கை வெட்டுவதுபோல, திருப்பிப் போட்டுத்தான் வெட்ட வேண்டும்.

இடது இறக்கை முன்பே வெந்து தயாராக இருந்தது. வலதுக்கு எண்பது அடுக்குகள் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை இரவு அடுப்பு என்றார் யான்.

துணி வெட்டும் மேசையில் லூசி என்ற பெண் இருந்தாள். என் வயதுதான். பெருமையோடு தன் கணினியைக் காட்டினாள். "உங்கள் கோப்பு எனக்குச் சிரமமே தரவில்லை. இதோ, 'வலது' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எல்லாவற்றையும் இதுவே திருப்பிவிடும்."

நன்றி என்றேன். கழிவறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். அழுகை வந்தது. பாலுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அந்த ஊர்த் தோசை சாப்பிட்டேன். கேழ்வரகுத் தோசை நிறம். நாலு பக்கமும் மடித்து நடுவே முட்டை. சட்னி கேட்கலாமா என்று யோசித்துக் கேட்கவில்லை.

சனிக்கிழமை எலென் வந்தார். இந்தப் படகில் தனியாகக் கடல் சுற்றப்போகிறவர் அவர். நாற்பதுக்கு மேல், குட்டை முடி, உள்ளங்கை எல்லாம் காய்ப்பு. பத்து வயதில் மகன் இருக்கிறானாம். என்னைக் கைபிடித்துப் படகுக்குள் ஏற்றி, தான் தூங்கும் இடத்தைக் காட்டினார். ஒரு ஆள் குறுகிப் படுக்கலாம். காதுக்கு ஒரு முழம் தள்ளி வலது இறக்கை பொருந்தும் துவாரம்.

"இறக்கை உடைந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முதலில் சத்தம் கேட்கும்," என்றார் எலென். "அப்புறம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்." சிரித்தார். "ஆனால் நீங்கள் நன்றாக வரைந்திருக்கிறீர்கள், இல்லையா?"

தொண்டி போட்டோவை விட்டுவிட்டால், முதன்முதலாக நான் ஏறிய படகு அது. இதுவும் தரையில் நின்ற படகுதான். ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அறைக்கு வந்து வீட்டுக்கு வீடியோ போட்டேன். சேவியர் வாசலில் அமலியை நிறுத்திக் காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் வாசல் கல்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடியில் கல் சொன்னபோது, வாசலுக்கு ஒன்றில் மட்டும் 'அமலி' என்று பெயர் போட்டுத் தரச் சொன்னார் சேவியர். அங்கே கண்ணாடிமேல் வண்ணக் கலவையைக் கவிழ்த்து ஊற்றுவார்கள். கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் கல்லின் முகம். அதனால் எழுத்து திரும்பி விழும் என்று கணக்கு வாத்தியார் யோசித்து, தானே திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே வேலை செய்கிறவர்கள் எப்போதும்போலத் தாங்களும் திருப்பினார்கள். கல் வந்து, பதித்து, மேலே இருந்த சிமெண்டுத் தூசியைக் கழுவிய பிறகுதான் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திரும்பி நிற்பது தெரிந்தது. போய்க் கேட்டதற்கு, "நாங்க எப்பவும் திருப்பித்தான சார் ஊத்துவோம், ஒங்கள யாரு திருப்பச் சொன்னா?" என்றார்கள்.

வீடியோவில் அமலியின் கால் விரல்களுக்கு இடையே அந்தத் திரும்பிய பெயரைப் பார்த்தேன்.

"என்னங்க, அந்தக் கல்ல கொஞ்சம் கிட்ட காட்டுங்க."

"பிள்ள நிக்கிறா, நீ கல்லப் பாக்கிற!"

"காட்டுங்க."

காட்டினார். மடிக்கணினியைத் திறந்து மாசி மாதம் அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். அமலிக்குக் காய்ச்சல் இருந்த வாரம் அது. மடியில் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். துணிகளின் உருவத்தை இடது இறக்கைக்கு இருந்தபடியே விட்டிருந்தேன். பட்டறையில் திருப்பிக்கொள்வார்கள் என்று. ஆனால் நூல் சாய்வை நானே எதிர்ப்பக்கம் மாற்றியிருந்தேன். அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று.

லூசியின் பொத்தான் 'எல்லாவற்றையும்' திருப்பும் என்றால் சாய்வையும் சேர்த்தா? அப்படியென்றால் உருவம் சரியாக அச்சில் உட்காரும். யாருக்கும் சந்தேகம் வராது. சாய்வு மட்டும் இரண்டு தடவை திரும்பி, பழையபடி இடது பக்கத்துக்கு உரியதாகவே நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தது. மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை பார்த்தேன். பிரெஞ்சு மொழி தெரியாவிட்டாலும் எப்போது எழ வேண்டும், எப்போது முட்டி போட வேண்டும் என்பது காரைக்குடிபோலத்தான். மனம் அதில் இல்லை. யானுக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால், துணி கெட்டு, நாள் தள்ளி, பிள்ளை பெற்றவளை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று சென்னையில் சொல்வார்கள். நான் நினைப்பது சரியாக இருந்தால்? காதுக்கு ஒரு முழம் தள்ளி அந்தத் துவாரம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தப்பு என்று தெரிந்தால் நான் தங்க வேண்டியிருக்கும். புதன்கிழமை திரும்பும் விமானம். வெள்ளிக்கிழமை அமலிக்கு முதல் பிறந்த நாள். கேக்கும் பிரியாணியும் சொல்லியாகிவிட்டது.

மத்தியானம் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் ததும்பிய தண்ணீர் வடிந்து, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. எங்கள் கண்மாய் வற்ற நாலு மாதமாகும். இங்கே ஆறே மணி நேரம். பார்க்கப் பயமாக இருந்தது.

சேவியரை அழைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "நான் அந்தக் கல்லப் பதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும், ஜெனி," என்றார். பின்னாலிருந்து ரீட்டா அண்ணி குரல் கேட்டது: "என்னவாம்? அவ வரலையாமா? தெரியும் எனக்கு!"

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மழையில் பூட்டிய வாசல் முன் நின்றேன். யான் சைக்கிளை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டேன். எங்கே தயங்கினால் மறுபடி விழுங்கிவிடுவேனோ என்று பயம்.

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. ஒவ்வொரு அடுக்கு போட்டதும் போட்டோ எடுத்து வைப்பது அங்கே வழக்கம். முதல் சாய்வு அடுக்கு ஒன்பதாவது. இடது இறக்கையின் ஒன்பதையும் வலது இறக்கையின் ஒன்பதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நான் இரண்டு கைகளையும் கும்பிடுவதுபோல் சேர்த்து, புத்தகம்போலப் பிரித்துக் காட்டினேன். விரல்கள் எதிரெதிராகச் சாய வேண்டும். திரையில் இரண்டு படத்திலும் நூல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

யான் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்புச் செயலியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லூசி வந்தாள். முகம் சிவந்துவிட்டது. "கோப்பின் பெயர் 'வலது', உள்ளே உருவம் இடது. பார்த்தால் திருப்பாத கோப்பு. நான் திருப்பாமல் என்ன செய்வேன்? பாதி திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னது சரி. "நான் உதவி செய்வதாக நினைத்தேன்," என்றேன். அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

யான் மட்டும் கடைசியில் சொன்னார்: "குளிர்பெட்டியிலிருந்து துணியை எடுப்பதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும்." பிறகு கேட்டார், "தங்க முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நினைத்தேன்.

எட்டு அடுக்கை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் உரித்தோம். ஈர அப்பளத்தைத் தாளிலிருந்து உரிப்பதுபோல, கிழியாமல், கீழடுக்கைக் கீறாமல். நானும் கையுறை போட்டுக்கொண்டு உரித்தேன். செவ்வாய் இரவு முதுகு நிமிரவில்லை. புதன்கிழமை என் விமானம் நான் இல்லாமல் போனபோது, திருத்திய கோப்போடு லூசியின் மேசையருகே நின்றேன். சாய்வையும் இடதுக்கு இருந்தபடியே விட்டுவிட்டேன். பொத்தான் ஒன்றே எல்லாவற்றையும் திருப்பட்டும். அவள் என்னைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள். "இப்போது அழுத்தட்டுமா?" அதுதான் இரண்டு நாளில் முதல் பேச்சு.

வெள்ளிக்கிழமை பட்டறைச் சாப்பாட்டு அறையில், வெண்ணெய் சொட்டும் சர்க்கரை ரொட்டி ஒன்றில் லூசி ஒற்றை மெழுகுவர்த்தி குத்தி வைத்தாள். கைப்பேசியில் செக்காலை. ரீட்டா அண்ணி பட்டுச் சேலையில் திரை முழுக்க வந்தார்.

"வாரீகளா மகாராணி! பெத்த மக பொறந்த நாளுக்குப் பெட்டிக்குள்ள வாரீக!" என்னிடம் மரியாதை கூட்டினால் கோபம் என்று அர்த்தம்.

"அண்ணி, பாப்பா சாப்பிட்டாளா?"

"அதெல்லாம் நல்லாத் திங்கிறா. நீ இல்லாம ஒரு சுத்து பெருத்திருக்கா. அந்த ரெக்கைய ஒழுங்காச் செஞ்சுட்டு வா. இல்ல, அந்தப் பொம்பளையோட மகனுக்கு யாரு பதில் சொல்றது?"

அண்ணிக்கு எலெனைப் பற்றிச் சேவியர் சொல்லியிருக்கிறார். அமலி திரையைத் தொட்டு என் மூக்கில் கேக்கைப் பூசினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அறுபது அடுக்கு ஆகியிருந்தது. அதுவரை ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தேன். மீதி முப்பது நான் இல்லாமல்.

வீட்டில் அமலி அரை நாள் என்னிடம் வரவில்லை. சாயங்காலம் தானாக வந்து என் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே சேவியர் சொல்லியிருந்த புதுக் கல் ஆத்தங்குடியிலிருந்து வந்தது. இந்தத் தடவை அவர் பெயரை நேராக எழுதிக் கொடுத்திருந்தார். பதிப்பதற்கு முன் நானே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். எழுத்து மறுபடி இடவலமாகத் திரும்பி நின்றது. அவர் அங்கே போன் போட்டார். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது: "சார், போன தடவ நீங்க திருப்பிக் குடுத்தீக, நாங்களும் திருப்பிட்டோம், சத்தம் போட்டீக. அதான் இந்தத் தடவ நாங்க திருப்பாம விட்டோம்."

ரீட்டா அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முப்பது அடுக்கு. அதில் பத்து சாய்வு. அங்கேயும் யாராவது போன தடவையை நினைத்து எனக்கு உதவி செய்திருந்தால்?

மூன்று வாரம் கழித்து யானிடமிருந்து வீடியோ வந்தது. இறக்கை வெந்து, இரும்புச் சட்டத்தில் கவிழ்த்துப் பொருத்தி, நுனியில் தண்ணீர்ப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். இறக்கை வளையத் தொடங்கியது. நான் அதைப் பார்க்கவில்லை. பின்னால் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். எழுத்து நேராக இருந்தது. படம் திரும்பவில்லை. முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டு, இப்போது இறக்கையைப் பார்த்தேன். பை கனக்கக் கனக்க நுனி வளைந்தது. முன்விளிம்பு மெதுவாக, கேட்டுக்கொண்டதுபோல, கடலில் கீழே வரப்போகும் பக்கமாகத் திரும்பி வழிவிட்டது.

"சரியா இருக்கா?" என்றார் சேவியர். அமலி அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுத்து திரும்பிய பழைய கல்லின்மேல் நின்றாள்.

"இருக்கும்போலத்தான் இருக்கு," என்றேன். இடது இறக்கையும் இப்படித்தான் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டால் நிம்மதி. அதைக் கேட்டால் நன்றாக இருக்குமா, இன்னும் சந்தேகப்படுகிறாள் என்று நினைப்பார்களா என்று யோசித்து, பாதி எழுதினேன்.

எழுதி முடிப்பதற்குள் அடுத்த வீடியோ வந்து விழுந்தது. இடது இறக்கை. கீழே லூசி ஒரு வரி எழுதியிருந்தாள்: "நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்."